கள்ளிமேட்டுப்புதூருக்கு இருட்டு வந்த கதை

கள்ளிமேட்டுப்புதூரில் வெளிச்சம் முதன்முதலாகத் தென்பட்டது ஈசுவரியக்காவின் எருமைப் பாலில்தான். அதற்கு முன்னால் பெரியகுட்டை மினுங்கியதை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை, ஏனென்றால் குட்டை மினுங்கும் என்று கோயமுத்தூர்க் காலேஜிலிருந்து வந்த ஜெசிந்தா மேடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் மூன்று வெள்ளைக் கேன்களைத் தண்ணீரில் கவிழ்த்தார், சொல்லிவிட்டுச் செய்கிற காரியத்தில் அதிசயப்பட என்ன இருக்கிறது?

முப்பது வருடமாகச் சாயப்பட்டறைகள் விட்ட தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கருத்துக் கிடந்த குட்டை அது. கேனுக்குள் இருந்தது கண்ணுக்குத் தெரியாத பூச்சி. கடலில் மீனின் உடம்புக்குள் மினுங்கிக்கொண்டு கிடக்கிற ஒரு பூச்சியின் குணத்தை எடுத்து, சாயத்தைத் தின்று பிழைக்கிற இன்னொரு பூச்சிக்குள் வைத்திருப்பதாக மேடம் சொன்னார். சட்டைக்குப் பாக்கெட் வைத்துத் தைக்கிற மாதிரி என்று பனியன் கம்பெனிக்காரர்களுக்கு ஏற்ற உதாரணமும் சொன்னார்.

"சாயத்தைத் தின்னும்போது மட்டும்தான் இது மினுங்கும். அதை வெச்சு உள்ள என்ன நடக்குதுன்னு நாங்க தெரிஞ்சுக்குவோம்."

"அப்ப வெளிச்சம் இருந்தா என்னங்க?" என்று கேட்டது ஊர்.

"விஷம் இன்னும் இருக்குன்னு அர்த்தம்."

"அணைஞ்சா என்னங்க?"

"குடிக்கலாம்னு அர்த்தம்."

ஊரே தலையாட்டியது. புரியாமல் ஆட்டியதில்லை, நன்றாகப் புரிந்துதான் ஆட்டியது. புரிந்த விஷயத்தை மறப்பதற்கு ஒன்பது நாள் போதுமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் விடியக்காலம் பால் பீச்ச உட்கார்ந்த ஈசுவரியக்கா, குண்டாவில் விழுந்த முதல் தாரையே மருதாணிச் சிவப்பில் மினுங்குவதைப் பார்த்து, எருமையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "எதையடி தின்னு தொலைச்ச?" என்று கேட்டுவிட்டு, மீதிப் பாலையும் பீச்சி முடித்தாள். பால் சொசைட்டிக்காரர் அளந்து பார்த்தார். தண்ணீர் கலக்கவில்லை, கொழுப்பு சரியாக இருந்தது, ஊற்றிக்கொண்டார். பத்தாம் நாள் முருங்கைக்காய் மரத்திலேயே மினுங்கியது. பதினோராம் நாள் ஆலமரத்து விழுதும், துவைக்கிற கல்லும், மசால் அரைத்த அம்மியும், சுடுகாட்டு மேட்டில் போன வருடம் புதைத்தவர்களின் மண்ணும் மினுங்கின. பன்னிரண்டாம் நாள் மாலை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, மனுசர்கள் மினுங்க ஆரம்பித்தார்கள்.

எங்கெங்கே சாயம் போய்த் தங்கியிருந்ததோ அங்கங்கே வெளிச்சம். அதுவும் ஒரே நிறமாக இல்லை, யார் எந்த வருடத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தார்களோ அந்த வருடம் பட்டறைகளில் ஓடிய நிறம் அவரவர்க்கு. சிவப்பு ஆர்டர் ஓடிய வருடத்தில் பல் முளைத்தவர்களுக்குப் பல்லெல்லாம் சிவப்பு. பச்சை ஓடிய வருடத்தில் தவழ்ந்தவர்களுக்கு முழங்கால் பச்சை. இருபது வருடம் எல்லா நிறத்தையும் குடித்த ஊர்க் கமிட்டித் தலைவர் தெய்வசிகாமணி மாமாவுக்கு வயிறு முழுக்க வானவில், அதை மறைக்க மனசில்லாமல் அன்றிலிருந்து சட்டைப் பொத்தானைப் போடுவதையே விட்டுவிட்டார்.

ஜெசிந்தா மேடம் மீட்டரோடு வந்து பார்த்தார், மூன்று முறை பார்த்தார், "இப்படி நடக்க வாய்ப்பே இல்லை" என்று நோட்டில் எழுதிக் கீழே கோடு போட்டார். ஈசுவரியக்கா மோர் கொடுத்தபோது மட்டும், சிவப்பாக மினுங்கிய டம்ளரைப் பார்த்துவிட்டு, "இல்லீங்கம்மா, இப்பத்தான் காப்பி குடிச்சேன்" என்று சொல்லி நகர்ந்துகொண்டார்.

ஊர் என்ன செய்தது? ஊர் எப்போதும் செய்கிறதைத்தான் செய்தது, பழகிக்கொண்டது. கரண்டு போனால் கவலையில்லை என்று பிள்ளைகள் அப்பன் முதுகைத் திருப்பி வைத்து வீட்டுப்பாடம் எழுதினார்கள், அப்பன்மார் அசையாமல் உட்கார்ந்து அசந்து தூங்கினார்கள். ஒளிந்து பிடிக்கிற விளையாட்டு ஒரே வாரத்தில் செத்துப்போனது. வேலி ஓரம் ஒதுங்குகிறவர்கள் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு போக வேண்டியிருந்தது. கடைசி பஸ் கண்டக்டர், "உங்கூர்க்காரங்க ஏறுனா டிரைவருக்குக் கண்ணு கூசுதுங், போர்த்திட்டு ஏறச் சொல்லுங்" என்று சண்டை பிடித்தார். ஜாதகம் பார்த்தவர்கள் ஜாதகத்தோடு நிறமும் பார்த்தார்கள். "பொண்ணுக்கு நெத்தி நல்லா வெளிச்சங்க, ஊதாப்பூ நிறம்" என்று புரோக்கர் சொன்னால், மாப்பிள்ளை வீட்டார் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு பூ வைத்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சாயங்காலமானால் மேட்டின்மேல் வந்து நின்று, ஒரு ஊரே தெருத்தெருவாக நிறம்நிறமாக நடமாடுவதைப் பார்த்துவிட்டு, தங்கள் இருட்டு ஊருக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார்கள். முப்பது வருடமாக "சாக்கடை ஊர்" என்று பேர் வாங்கிய கள்ளிமேட்டுப்புதூருக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் குளிர்ந்தது.

ஒருத்திக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை.

சுகுணா அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து மூன்று வருடம்தான். அதற்கு முன்னால் பனியன் கம்பெனி ஒன்றின் லேப்பில் ஷேடு பார்த்தாள், அதாவது வாங்குகிறவன் அனுப்பிய துணித்துண்டையும் பட்டறையில் சாயம் ஏற்றி வந்த துணித்துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றா இல்லையா என்று சொல்கிற வேலை. அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு: மூன்று எண்ணுவதற்குள் சொல்லிவிட வேண்டும். நாலாவது எண்ணினால் கண் இரக்கப்பட ஆரம்பித்துவிடும், இல்லாத ஒற்றுமையைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். சுகுணாவின் கண் நாலு எண்ணியதே இல்லை. அந்தக் கண்ணைக் கேள்விப்பட்டுத்தான் சாயப்பட்டறை மாஸ்டர் சென்னியப்பன் பெண் கேட்டு வந்தான். கல்யாணத்துக்குப் பிறகும் புதுசாக ஒரு நிறம் போட்டால் சாப்பாட்டுத் தூக்கோடு துணித்துண்டையும் கொண்டுவந்து, "பாரு புள்ளே" என்று நீட்டுவான், அவள் வாசல் வெயிலில் பிடித்து மூன்று எண்ணிச் சொல்லுவாள்.

மூன்று வருடத் தண்ணீர் அவளுக்குள் தங்கியிருந்த இடம் பால். மேகம் கருக்கிற சாம்பல் நீலத்தில் அவளுக்கு மார்பில் வெளிச்சம். பத்து மாதக் குழந்தை மிதுனா பால் குடிக்கும்போது அந்த வெளிச்சம் நூல் நூலாக இறங்கி, தொண்டையைத் தாண்டி, குட்டி வயிற்றுக்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்வதைச் சுகுணா குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததுதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

அடுத்த தரம் மேடம் வந்தபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"பால் குடுக்கறதை நிறுத்திரட்டுங்களா மேடம்?"

"ஐயோ, நிறுத்தாதீங்கம்மா. முடிஞ்ச அளவு குழாய்த் தண்ணி குடிங்க. உள்ள இருக்கறதை அது தின்னு முடிச்சிரும், முடிஞ்சா தானா அணைஞ்சிரும். குட்டைல வெளிச்சம் இப்பவே பாதியா இறங்கிருச்சு பாருங்க."

"எத்தனை நாளாகுங்?"

மேடம் குழந்தையின் வயிற்றில் மீட்டரை வைத்துப் பார்த்தார். "எனக்குத் தெரியலைம்மா. இது எந்தப் புஸ்தகத்துலயும் இல்லை."

தெரியவில்லை என்று சொன்ன வாயைச் சுகுணா நம்பினாள். பதினோரு நாளுக்கு ஒருதரம் ஒரு மணி நேரம் வருகிற குழாய்த் தண்ணீரைக் குடத்துக்குக் குடம் பிடித்துக் காய்ச்சி மூடி வைத்தாள், அது தீர்ந்தால்தான் குட்டையோரத்துக் கிணறு. பழைய வேலையின் ஷேடு அட்டை ஒன்றைத் தேடி எடுத்து, அதிலிருந்து சாம்பல் நீலத்தின் ஐந்து கட்டங்களை, கரியதிலிருந்து வெளிறியது வரை வெட்டிக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தாள். தினமும் பொழுது சாயும்போது அறைக் கதவைச் சாத்தி, மிதுனாவைப் பாயில் மல்லாத்தி, சட்டையைத் தூக்கி, கட்டங்களைப் பக்கத்தில் பிடித்து, ஒண்ணு, ரெண்டு, மூணு. அன்றைய நம்பரைக் காலண்டர் தாளில் எழுதுவாள். ஐந்து. ஐந்து. ஐந்து. நாலு. மிதுனா இதைத் தினசரிக் கிச்சுக்கிச்சு விளையாட்டு என்று நினைத்துக் காலை உதைத்துச் சிரித்தாள்.

தை முடியும்போது மூன்று. மாசி பாதியில் இரண்டு. குட்டையும் மங்கியது, எருமைப் பால் வெறும் பாலாக ஆனது, சென்னியப்பனின் கையில் இருந்த பத்து நிறமும் தேய்ந்து கை கையின் நிறத்துக்கு வந்தது. சுகுணா பாத்திரம் கழுவும்போது பாட்டுப் பாடினாள். ஆனாலும் உட்கார்ந்தால் மனசு எழச் சொல்லியது, எழுந்தால் குழந்தையைப் பார்க்கச் சொல்லியது. ஒன்றை எட்டுகிறவரை தூக்கம் தூக்கமாக இல்லை.

ஊருக்கும் தூக்கம் போயிற்று, வேறு காரணத்துக்கு. கம்பம் நட்டு மாகாளியம்மன் கோயில் நோம்பித் திருவிழா சாட்டியிருந்தார்கள். இந்த வருடம் சீரியல் லைட்டே வேண்டாம், நாமே போதும் என்று ஊர் கூடி முடிவு செய்து, சுற்றி இருக்கிற எல்லா ஊரிலும் உள்ள ஒரம்பரை, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியாகிவிட்டது. இப்போது பார்த்து ஒவ்வொருத்தராக மங்கினார்கள். சாயத்தில் பிறந்து சாயத்தில் வளர்ந்த ஊருக்கு மங்குவது என்றால் ஒன்றுதான் தெரியும். "ஷேடு இறங்குது" என்றார்கள், சீக்கு வந்த வீட்டில் பேசுகிற குரலில். மங்கிய துணி திருப்பி அனுப்பப்படும் துணி. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஈசுவரியக்கா சுகுணாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்புள்ளே, உம்புள்ள சுத்தமா மங்கிப்போச்சாமா? பால் பத்தலையோ என்னமோ?"

"அது நல்லதுக்குத்தானுங்க்கா. மேடம் சொன்னாங்கல்ல?"

"அவியளுக்கென்ன, மீட்டரத் தூக்கிட்டு கார்ல போயிருவாங்க. நாளைக்கு நாலு பேரு முன்னால புள்ளைய இருட்டா வெச்சுட்டு நிக்கறது நீயா அவியளா? எம்பொண்ணு யமுனா நாளன்னைக்குத் தலைப்பிரசவத்துக்கு வர்றா. அதுக்கு வயிறு எப்படி இருக்குதோன்னு எனக்கு இப்பவே கவலையா இருக்குது."

யமுனா வந்தாள். இந்த ஊரில் வளர்ந்தவள் என்பதால் முழங்காலில் பழைய ரோஸ் நிறம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பொள்ளாச்சித் தண்ணீரில் உருவான குழந்தை மட்டும் வயிற்றில் இருட்டாக இருந்தது. சாயங்காலம் பார்க்க வந்த பெண்கள் எல்லாம் அந்த இருட்டு உருண்டையைப் பார்த்து, "போகட்டும் விடு, பொறந்தப்புறம் வரும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

யமுனா வந்த நாலாம் நாள், காலண்டரில் ஒன்று என்று எழுதலாம் என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே சுகுணா கதவைச் சாத்தினாள். மிதுனாவின் சட்டையைத் தூக்கினாள். குழந்தையின் வயிறு பளீரென்று எரிந்தது.

எண்ண மறந்துபோனாள். கையில் இருந்த ஐந்து கட்டத்தில் எதுவும் இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இது சாம்பல் நீலமே இல்லை. மயில் கழுத்து. குழந்தை சிரித்தபோது வயிறு குலுங்கி, சுவரெல்லாம் மயில் கழுத்து அலை அடித்தது. சுகுணா தன் ரவிக்கையைத் தளர்த்திப் பார்த்தாள். அங்கேயும் அதுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சன்னல் வழியாக வெறும் வானத்தை ஒரு கணம் பார்த்துக் கண்ணைச் சுத்தமாக்கிக்கொண்டாள், திரும்ப எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. மயில் கழுத்துத்தான், ஆனால் சரியான மயில் கழுத்து இல்லை. ஒரு துளி பச்சை கூடியிருந்தது.

இந்தத் தப்பான மயில் கழுத்தை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள்.

சென்னியப்பன் சாப்பிட உட்கார்ந்தபோது, ரசம் ஊற்றும் சாக்கில் விளக்கை அணைத்தாள்.

"என்ன புள்ளே, கரண்டு போச்சா?"

"இடது கையக் காட்டுங்."

"எதுக்கு?"

"காட்டுங்."

காட்டினான். விரல் இடுக்கில், நகக்கண்ணில், மணிக்கட்டு ரேகையில் எல்லாம் மினுங்கியது. பார்த்தாள், எண்ணினாள், விளக்கைப் போட்டாள்.

"போன மாசம் ஒரு துண்டு கொண்டாந்து காட்டுனீங்களே, மயில் கழுத்து. ஒரு துளி பச்சை கூடியிருக்குதுன்னு சொன்னேன். அந்த லாட்டை என்ன பண்ணுனீங்?"

பிசைந்த சோறு அவன் கையிலேயே நின்றது. "ரிஜெக்ட் ஆயிருச்சு. நீ சொன்னாப்லதான் அவனும் சொன்னான்."

"துணி ரிஜெக்ட். அந்தச் சாயத்தண்ணி?"

அவன் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான்.

"ஏனுங், உங்களைத்தான் கேக்கறேன்."

"எட்டுக் கேன் இருந்துச்சு," என்றான் தட்டைப் பார்த்துக்கொண்டு. "கமிட்டில கேட்டாங்க. நோம்பி வரைக்கும் குட்டை தாங்கட்டும்னு. தெய்வசிகாமணி மாமாதான்... ஆனா அவரு கேக்காமப் போயிருந்தாலும் நான் ஊத்தியிருப்பேன் புள்ளே. நீ தினமும் அந்தக் கட்டத்த வெச்சுப் பார்த்துப் பார்த்து எழுதுனயே, அஞ்சு, நாலு, மூணு, ரெண்டுன்னு. எம்புள்ள என் கண்ணு முன்னாலயே இறங்கிட்டே போச்சு. எனக்குக் கை சும்மா இருக்குமா? ஷேடு இறங்குனா அடிஷன் போடோணும். பதினாறு வயசுல இருந்து இந்தக் கை அதைத்தான செஞ்சுட்டு இருக்குது."

அடிஷன் என்றால் நிறம் குறைந்துபோன தொட்டியில் இன்னும் கொஞ்சம் சாயம் சேர்ப்பது. அவ்வளவுதான் அவன் செய்தது. வாய் நிறையத் திட்டு வைத்திருந்த சுகுணா, அதை விழுங்கிக்கொண்டு காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். நம்பர் இறங்க இறங்கத் தான் பாட்டுப் பாடியதும், அதே நம்பரைப் பார்த்து இந்த மனுசன் உள்ளுக்குள் ஒடுங்கிக்கொண்டே போனதும் ஒரே வீட்டுக்குள், ஒரே காலண்டருக்கு முன்னால் நடந்திருக்கிறது. இறங்குவது நல்லது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் இவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

"வெளிச்சம் இருந்தா விஷம் இருக்குதுன்னு மேடம் சொன்னப்ப நீங்களும்தான தலையாட்டுனீங்?"

"குட்டைக்குச் சொன்னாங்கன்னு நெனச்சேன் புள்ளே," என்றான். "நம்ம புள்ளைக்குமா?"

மிதுனா தவழ்ந்து வந்து அப்பன் தட்டில் கையை விட்டது. வழக்கமாகச் சிரிப்பான். அன்றைக்குக் குழந்தையின் கையைப் பிடித்துச் சோற்றிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு, தன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"இன்னும் எட்டுக் கேன் குட்டை மேட்டுல இருக்குது," என்றான். "நாளைக்கு மாவிளக்கு எடுக்கறப்ப ஊத்தறதுன்னு பேச்சு."

மறுநாள் பொழுது சாயும் நேரம். கோயில் வாசலில் கம்பத்தைச் சுற்றி ஆட்டம், சுற்று ஊர்களிலிருந்து வந்த கூட்டம், உறுமி முழக்கம், ஐந்து நாளாகக் கிணற்றுத் தண்ணீர் குடித்து மறுபடி பளபளத்து நிற்கிற ஊர். எல்லோருக்கும் நடுவே ஈசுவரியக்கா மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். யமுனாவின் வயிற்றில் வெளிச்சம் வந்திருந்தது. சும்மா வரவில்லை, சேலைக்குள் இருந்து, தலையும் முதுகும் மடக்கிய காலும் தெரிய, சின்ன உருவமாக, மயில் கழுத்து நிறத்தில் எரிந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ கை கூப்பினார்கள், யாரோ குலவை போட்டார்கள், அந்தச் சின்ன உருவம் சத்தத்துக்குத் திடுக்கிட்டுப் புரண்டது. ஈசுவரியக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

சுகுணா மிதுனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தாள். பேசுவதற்கு ராத்திரியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள், யமுனாவின் வயிற்றைப் பார்த்ததும் அது அத்தனையும் போய்விட்டது. வேலை மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

"அக்கா, யமுனா வந்து எத்தனை நாளாச்சுங்க?"

"அஞ்சு நாளாச்சு புள்ளே. பாத்தயா, எப்படி வெளிச்சம் வந்திருச்சு பாரு!"

"வந்தன்னைக்கு?"

"வந்தன்னைக்கு இருட்டாத்தான் இருந்துச்சு, நீதான் பாத்தியே. எல்லாம் மாகாளியாத்தா கண்ணு."

சுகுணா மிதுனாவின் சட்டையைத் தூக்கி, யமுனாவின் வயிற்றுக்குப் பக்கத்தில் குழந்தையின் வயிற்றைப் பிடித்தாள். "ஏனுங், வாங்" என்றாள் திரும்பாமலே. சென்னியப்பன் வந்தான். யாரும் சொல்லாமல் தானாகவே இரண்டு கையையும் விரித்து, அந்த இரண்டு வயிற்றுக்கும் நடுவே நீட்டினான்.

"பாருங்," என்றாள் சுகுணா.

அந்த ஊரில் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் ஷேடு தெரியும். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உறுமிக்காரர்கூடக் குச்சியை நிறுத்திவிட்டார். ஊரே ஒரு மூச்சு இழுத்து, வாய்க்குள், ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணியது. மூன்றும் ஒரே லாட். ஒரு துளி பச்சை கூடியது. குட்டைக்குள் போய் ஐந்து நாள்.

"இது சாமி நிறமில்லீங்க்கா," என்றாள் சுகுணா. "ரிஜெக்ட் ஆன லாட்டு. துணிக்கே ஆகாதுன்னு நான்தான் சொன்னேன்."

ஈசுவரியக்கா மகளின் வயிற்றைப் பார்த்தாள், சென்னியப்பனின் கையைப் பார்த்தாள், திரும்ப வயிற்றைப் பார்த்தாள். நாலு எண்ணினாள், ஐந்து எண்ணினாள், கண் எந்த இரக்கமும் காட்டவில்லை. கையில் இருந்த மாவிளக்குத் தட்டைக் கீழே வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து, குட்டை மேட்டுக்கு ஏறினாள். ஊர் பின்னாலேயே போனது. தார்ப்பாய்க்குக் கீழே வரிசையாக இருந்த எட்டுக் கேன்களில் முதல் கேன்மேல் போய்ச் சட்டமாக உட்கார்ந்தாள்.

"எவனுக்கு ஊத்தோணுமோ வாங்கடா. என்னையும் சேத்து ஊத்துங்க."

தெய்வசிகாமணி மாமா வானவில் வயிற்றோடு முன்னால் வந்தார். "ஈசுவரி, எந்திரி. இத்தனை ஒரம்பரை வந்திருக்குது. குட்டை மங்கிப்போனா நோம்பிக்கு வெளிச்சத்துக்கு எங்க போறது?"

"மாவிளக்குல திரி இருக்குது, நெய் இருக்குது. அது பத்தாதா உங்களுக்கு?"

"அதில்ல ஈசுவரி, ஊரு மானம்..."

"மாமா, முதல்ல சட்டைப் பொத்தானப் போடுங். புள்ளைங்க பாக்குது."

யாரோ ஒருத்தர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், ஒரம்பரைகளும் சேர்ந்து. மாமா ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டார். அந்த வருட நோம்பி நெய் விளக்கில் நடந்தது. சென்னியப்பனும் இன்னும் நாலு பேரும் எட்டுக் கேன்களையும் டெம்போவில் ஏற்றி, எங்கிருந்து வந்ததோ அந்தப் பட்டறைக் கொட்டகைக்கே திருப்பிக் கொண்டுபோய்ப் பூட்டி, சாவியைக் கொண்டுவந்து ஈசுவரியக்காவின் கையில் கொடுத்தார்கள். அக்கா அதை அடுக்குப் பானையில் அரிசிக்குள் புதைத்தாள், சமைக்கிறபோதெல்லாம் கையில் தட்டுப்பட வேண்டும் என்று.

அதற்குப் பிறகு ஊர் பொறுமையாக மங்கியது. சுகுணா மயில் கழுத்துக்குப் புதுசாக ஐந்து கட்டம் செய்து, இந்த முறை கீழே பெரிசாக "குறைஞ்சா நல்லது" என்று எழுதி ஒட்டினாள். தினமும் எண்ணும்போது சென்னியப்பன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஐந்து, நாலு, நாலு, மூன்று. சித்திரையில் யமுனாவுக்கு ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. கறுப்பா சிவப்பா என்று கள்ளிமேட்டுப்புதூரில் ஒருத்தரும் கேட்கவில்லை. இருட்டா என்று கேட்டார்கள். விளக்கை அணைத்துப் பார்த்த ஈசுவரியக்கா வாசலுக்கு வந்து, "விரல் நுனியில மட்டும் கொஞ்சம்" என்றாள், மூன்றாம் நாள் திரும்ப வந்து, "நல்ல இருட்டு" என்றாள், சர்க்கரை கொடுத்தாள்.

வைகாசியில் ஒரு நாள் ஏழு மணிக்குக் கரண்டு போனது. கரண்டு எத்தனையோ தடவை போயிருக்கிறது. மினுங்க ஆரம்பித்த பிறகு ஊர் இருட்டானது அதுதான் முதல் தடவை. அப்பன் முதுகு வெளிச்சத்தில் எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு எழுத்து தெரியவில்லை. குட்டை தெரியவில்லை, ஆலமரம் தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தெரியவில்லை. இருட்டு எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்த பிள்ளைகள் பயந்து அழ ஆரம்பித்தார்கள், ஒரு வீட்டில் தொடங்கிய அழுகை தெருத்தெருவாகப் பரவியது, பெரியவர்கள் "ஒண்ணுமில்ல சாமி, இருட்டுத்தான், இருட்டுத்தான்" என்று தட்டிக் கொடுத்தார்கள். ஒளிந்து பிடிக்கிற விளையாட்டு அன்றைக்கே ஏதோ ஒரு சந்தில் உயிரோடு எழுந்தது.

சுகுணா அடுப்படியிலிருந்து அறைக்குள் வந்தாள். பாயில் குழந்தையை விட்டுவிட்டுப் போயிருந்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கறுப்பு. ஊர் மினுங்க ஆரம்பித்ததிலிருந்து, எந்த அறையில் எந்த மூலையில் இருந்தாலும் மகளைக் கண்ணால் கண்டுபிடித்தே பழகியிருந்த அம்மாவுக்கு இப்போது கண் உதவவில்லை. மண்டியிட்டு, கையால் தரையைத் துழாவினாள். பாய் விளிம்பு. கிலுக்கி. ஈரமான ஒரு பிஸ்கட். பிறகு ஒரு சின்னக் குதிகால், சூடாக. அதைப் பிடித்து இழுத்து மடியில் போட்டு, சட்டையைத் தூக்கி, வயிற்றில் முகத்தை வைத்தாள். மிதுனா கிச்சுக்கிச்சு என்று நினைத்து, இருட்டில் சிரித்தது.

சென்னியப்பன் வாசலில் உட்கார்ந்திருந்தான். ஊரில் எல்லோருக்கும் அணைந்த பிறகும் அவன் விரல் இடுக்கில் மட்டும் மயில் கழுத்து கொஞ்சம் பாக்கி இருந்தது. அந்த வெளிச்சம் அறைக்குள் விழுந்துவிடக் கூடாதென்று இரண்டு கையையும் பழைய பனியன் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"புள்ளே," என்று அங்கிருந்தே கேட்டான். "ஷேடு எப்படி இருக்குது?"

சுகுணா தலையைத் தூக்கினாள். ஒண்ணு எண்ணினாள், ரெண்டு எண்ணினாள், மூணு எண்ணினாள். வாழ்க்கையில் முதல்முறையாக நாலும் எண்ணினாள், அவசரமில்லாமல், பத்து வரைக்கும்.

"ஒண்ணுமே தெரியலீங்," என்றாள்.